என் ஓரகத்திக்குக் கிடைத்த காசு

என் ஓரகத்திக்கு எது கிடைத்தாலும் எனக்கு வயிறு எரியும். இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. என் கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு அவள் வந்த நாளிலிருந்தே எரிகிறது. நாங்கள் கீழே இருக்கிறோம், அவர்கள் மாடியில். நான் தண்ணீர் ஊற்றி ஊற்றி வளர்த்த செடி வாடும். அவள் தூக்கிப்போட்ட காம்பு துளிர்க்கும். அவள் ஒரு ஜோக் சொன்னால் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். அதே ஜோக்கைப் போன வாரம் நான் சொன்னபோது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் ஒரு விஷயத்தில் மட்டும் சின்னவள் என் கிட்டக்கூட வர முடியாது. காசு பார்ப்பது என் தொழில். நாணயங்களை ஏலம் விடும் ஒரு கம்பெனியில், வருகிற காசு அசலா போலியா என்று சொல்லும் சோதனை மேஜையில் இருபத்திரண்டு வருஷமாக உட்காருகிறேன். அதிலும் தப்புக்காசுகளில் என்னை மிஞ்ச ஆளில்லை. காசு அடிக்கும் எந்திரம் எப்போதாவது தடுமாறும். அப்படிக் கோணலாகப் பிறந்து, யார் கண்ணிலும் படாமல் வெளியே வந்துவிடும் காசுதான் தப்புக்காசு. அதற்குத்தான் ஏலத்தில் அடிதடி. அப்படி ஒன்று என் கைக்குச் சில்லறையாக வந்துவிடாதா என்று இத்தனை வருஷமும் கடையில் கொடுக்கிற மீதியையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். இலவு காத்த கிளிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவள் தடதடவென்று படியிறங்கி என் சமையலறைக்குள் வந்தாள்.

"அக்கா, பஸ்ல மீதி குடுத்தாங்க, தலைவர் படம் போட்ட காசு. இதப் பாருங்களேன், இந்தப் பக்கமும் தலை, அந்தப் பக்கமும் தலை! ஆனா அந்தப் பக்கம் உள்ள குழிஞ்சு போயிருக்கு. மூஞ்சி வேற மாத்தித் திரும்பியிருக்கு."

என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. அடிபட்ட காசு கீழே விழாமல் எந்திரத்திலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் தகட்டில் அதன் முகம் பள்ளமாகப் பதியும். கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறியிருக்கும். ஏலத்துக்கு வந்ததில் நாலைந்து தொட்டிருக்கிறேன். பஸ்ஸில் கிடைத்ததாகச் சொன்ன ஒருவரையும் பார்த்ததில்லை. இவளுக்குக் கிடைத்ததாம். பர்ஸைத் திறந்தால் பாதிச் சில்லறையைத் தரையில் கொட்டுகிற இவளுக்கு!

"போலி," என்றேன்.

"தொட்டுக்கூடப் பாக்கலையே அண்ணி," என்றார், அவள் பின்னாலேயே வந்த கொழுந்தனார்.

"இருபத்திரண்டு வருஷம் பாத்த கண்ணு. தூரத்துலயே தெரியும்."

அவள் முகம் தொங்கிப்போகும் என்று ஆசையாகப் பார்த்தேன். "அப்படியா அக்கா? நீங்க சொன்னா சரிதான்," என்று சிரித்துவிட்டுக் காசைப் பர்ஸில் போட்டுக்கொண்டாள். தொங்கியது கொழுந்தனார் முகம்தான். அவர்கள் மாடியேறியதும் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார்.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சொல்லுவாங்க. உனக்கு அவ கையில இருக்கறதெல்லாம் போலி."

"எனக்கென்ன பொறாமையா?"

"நான் அந்த வார்த்தையே சொல்லலையே."

நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு காசையும் இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உறையின் மேல் எண் மட்டும்தான் இருக்கும்; கொடுத்தவர் பெயர் இருக்காது. பார்த்ததும் ஒரு சீட்டில் அசல் அல்லது போலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்கக் கூடாது. மாலையில் மேனேஜர் சீட்டுகளைப் பிரிப்பார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் காசைப் பெரிய திரையில் வைத்துப் பார்ப்பார்கள். தப்பாக எழுதியவர் ஒரு வருஷத்துக்குச் சோதனை மேஜையை விட்டு எழுந்து, காசுகளை அட்டையில் ஒட்டும் வேலைக்குப் போக வேண்டும். தெரிந்தவர்கள் காசு வந்தால், "தெரிந்தது" என்று எழுதி ஒதுக்கிவிடலாம். எதிர் மேஜைக்காரரை நாங்கள் பூதம் என்போம். கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே டீ குடிப்பார். அவர் சீட்டும் என் சீட்டும் பதினான்கு வருஷத்தில் ஒரு தரம்கூட மாறி வந்ததில்லை. எனக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை நாற்பத்தேழாம் உறையைப் பிரித்தேன். சின்னவள் காசு உருண்டு விழுந்தது. என் வார்த்தையை நம்பாமல் கொழுந்தனார் எனக்குத் தெரியாமல் கவுன்டரில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். என் வேலையைச் சோதிக்க என் ஆபீசுக்கே!

ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். ஒதுக்கினால் பூதம், யாருடையது என்று கேட்பார். சொன்னால், "பஸ்ல கிடைச்சுதா? ராசிக்காரிதான்" என்பார். அவள் ராசியைப் பற்றி இன்னொரு வாயால் கேட்க எனக்குத் தெம்பில்லை. லென்ஸை எடுத்தேன்.

பள்ளமான தலைக்கு அடியில் ஒரு மெல்லிய வளைவு. அந்தப் பக்கத்தில் முதலில் இருந்த எண்ணின் மிச்சம். மறுபக்கத்துத் தலையில் கன்னம் லேசாக நசுங்கியிருந்தது. நல்ல காசின் மேல் இன்னொரு காசை வைத்து, பட்டறையில் இரும்பைப் பிடிக்கிற வைஸில் கொடுத்து இறுக்கினால் இப்படித்தான் வரும். எவனோ செய்து, அது கை மாறிக் கை மாறி அவளிடம் வந்திருக்கிறது. போலி! என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கவிழ்த்தது. போலியைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒன்றும் தோன்றாது. எழுதிவிட்டு அடுத்த உறையை எடுப்பேன். அன்று மேஜையில் தாளம் போட வேண்டும் போலிருந்தது. இவ்வளவு ஆசையோடு பார்க்கிற கண்ணை எப்படி நம்புவது? வளைவு இருப்பதால் தெரிகிறதா, இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதால் தெரிகிறதா? அது வெறும் கீறலாக இருக்கலாம். கன்னம் நாலு பேர் கைபட்டுத் தேய்ந்திருக்கலாம். மறுபடி பார்த்தேன். மறுபடியும் சந்தோஷம் வந்தது, வந்த கையோடு நம்பிக்கை போனது. சமையலறையில் தொட்டுக்கூடப் பார்க்காமல் போலி என்று சொன்னதும் இதே வாய்தானே. என் வீட்டுக்காரர் சொன்ன காமாலை நிஜமாகவே என் கண்ணில் ஏறிவிட்டதோ என்று பயந்தேன். மேலும் ஒரு பயம். நான் போலி என்று எழுதி, பூதம் அசல் என்று எழுதி, அதுவே சரியாகிவிட்டால்? என் பொறாமைக்குக் கம்பெனியே முத்திரை குத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். மாடியில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள்.

நான் எதை விரும்புகிறேனோ அதற்கு எதிராக எழுதுவதுதான் நியாயம் என்று முடிவு செய்தேன். அசல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெட்டியில் போடும்போது, எப்பேர்ப்பட்ட நேர்மைக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மாலையில் மேனேஜர் சீட்டுகளைப் பிரித்தார். பூதம் போலி என்று எழுதியிருந்தார். காசைத் திரையில் வைத்தார்கள். அந்த வளைவு என் கட்டைவிரல் தடிமனுக்குத் தெரிந்தது. முதல் பார்வையிலேயே சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத்துக் கண் பொய் சொல்லவில்லை. நான்தான் அதை நம்பவில்லை.

மேனேஜர் பதிவேட்டைப் புரட்டினார். "இது உங்க வீட்டு விலாசமாச்சே மேடம்?"

"என் ஓரகத்தியோடது," என்றேன்.

பூதம் அன்றுதான் முதல் முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வளைவு உங்க கண்ணுல படாம இருக்குமா? தெரிஞ்சேதான் எழுதியிருக்கீங்க. ஓரகத்திக்காகத் தன் மேஜையையே பணயம் வைக்கிற மனுஷியை நான் பாத்ததில்லம்மா. அவ்வளவு பாசமா?"

பாசமா! பொறாமையில் போலி என்றேன், அந்தப் பொறாமைக்குப் பயந்து அசல் என்றேன் என்று சொன்னால் எவன் நம்புவான்? மேனேஜர் குரலை இறக்கி, "உங்க நல்ல மனசு புரியுது, ஆனா விதி விதிதான்," என்றார். நாளை முதல் ஒட்டுகிற வேலை.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. காசைத் திரும்ப வாங்கப்போன கொழுந்தனாரிடம் கவுன்டர்ப் பெண் ஒன்றுவிடாமல் ஒப்பித்திருக்கிறாள். வாசலில் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சின்னவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நான் ஏமாந்துடக் கூடாதுன்னு அன்னிக்கே உண்மையச் சொன்னீங்க. இவரு கேக்காம போய்க் குடுத்ததும், என் ஆசை கெடக் கூடாதுன்னு உங்க வேலையையே விட்டுக் குடுத்துட்டீங்களேக்கா!"

கொழுந்தனார் தலைகுனிந்து, "மன்னிச்சிடுங்க அண்ணி," என்றார்.

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவளைப் பிடித்து விலக்கினேன். "பொறாமைடி! உன் மேல எனக்குப் பொறாமை. அந்தக் காசு உனக்குக் கிடைச்சது பொறுக்கல. நீ சிரிச்சாப் பொறுக்கல, உன் செடி தழைச்சாப் பொறுக்கல. பாசமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!"

பிறகு சின்னவள் அழுகையோடு சிரித்துவிட்டாள்.

"எனக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதுன்னு இதையும் உங்க தலையில போட்டுக்கறீங்களா? போங்கக்கா. இந்த மனசு யாருக்கு வரும்?"

மறுபடியும் என் தோளில் சாய்ந்து தேம்பினாள். வேறு வழியில்லாமல் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். மேஜை போனது எனக்கு. ஆறுதல் அவளுக்கு. கண் கலங்கிய என் வீட்டுக்காரர் தானாகவே சமையலறைக்குப் போய், கல்யாணமாகி முதல் தடவையாக டீ போட்டுக்கொண்டு வந்தார். வந்து, முதல் டம்ளரை அவளிடம் நீட்டினார்.