நான்கு புள்ளி ஆறு

நூற்றுத் தொண்ணூறு குடும்பங்களுக்கு ஐந்தரை சதவீத வட்டியில் வீட்டுக்கடன் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. பணம்தான் இன்னும் கைக்கு வரவில்லை.

எங்கள் மாநில வீட்டுவசதி வாரியத்தில் எப்போதும் இப்படித்தான். மாநில அரசு காசு தராது. முதலீட்டாளர்களிடம் கடன் பத்திரம் விற்றுத்தான் திரட்ட வேண்டும். பத்திரத்துக்கு நாங்கள் தரும் வட்டிக்கு வரி கிடையாது என்பதால் வாங்குகிறவர்கள் குறைவான வட்டிக்கும் சம்மதிப்பார்கள். அதனால் நாங்களும் மலிவாகக் கடன் கொடுக்கிறோம். ஆனால் கடனுக்கான வட்டியை முதலில் அறிவித்துவிட்டு, பத்திரத்தைப் பிறகே விற்கிறோம். இடைப்பட்ட வாரங்களில் நான் சரியாகத் தூங்குவதில்லை.

விற்பனை நாளன்று பத்தரை மணிக்கு, பத்திரங்களை விற்றுத்தரும் நிறுவனத்திலிருந்து டொமினிக் அழைத்தான். எங்கள் வாரிய இயக்குநர் ஆர்லிஸ் என் எதிரே சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி இருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"கர்ட், குறைஞ்ச வருஷப் பத்திரமெல்லாம் பறந்துடுச்சுப்பா. முப்பது வருஷப் பத்திரம்தான் நகர மாட்டேங்குது. நாப்பது மில்லியன் டாலர்ல இருபத்துமூணுக்குத்தான் ஆள் இருக்கு. வட்டிய நாலு புள்ளி ஏழாக்கினா மிச்சமும் போயிடும்."

பத்திர வட்டி நான்கு புள்ளி ஆறைத் தாண்டினால், எங்கள் செலவுகள் போக அந்தக் குடும்பங்கள் கட்டும் ஐந்தரை போதாது; நஷ்டத்தை எங்கள் கையிருப்பிலிருந்து ஈடுகட்ட வேண்டும். வீடு வாங்க முன்பணம் இல்லாதவர்களுக்கு உதவுவதும் அதே கையிருப்பிலிருந்துதான். அந்த உதவி இந்த வருஷத்தோடு நின்றுவிடும்.

மறுத்துப் பேச ஒரு தாள் நிறையக் குறிப்பு வைத்திருந்தேன். வாய் திறக்க முடியவில்லை. முடியாது என்றால் விற்பனையே நின்றுபோகுமோ என்று பயந்தேன்.

"கர்ட்? லைன்ல இருக்கியா, இல்ல உங்க ஊரு பனியில உறைஞ்சிட்டியா?"

ஆர்லிஸ் கொறிப்பதை நிறுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே பனி வாரும் வண்டி ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது.

"சரிப்பா, நாலு புள்ளி ஆறு அஞ்சு?"

தாளில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. மூச்சு விடும் சத்தம் அவனுக்குக் கேட்குமோ என்றுகூடக் கூசினேன்.

"ஒரு நிமிஷம் இரு," என்றான். அந்தப் பக்கம் யாரிடமோ முணுமுணுத்தான். நெடுநேரம் கழித்து, "சரி, நாலு புள்ளி ஆறு. விக்காதத நாங்களே எடுத்துக்கறோம். பெரிய ஆளுய்யா நீ!" என்றான்.

"சரி," என்றேன். அந்த அழைப்பில் நான் பேசிய ஒரே சொல்.

ஆர்லிஸ் மேஜையைத் தட்டினாள். "அடேயப்பா, சரியான கல்லுளிமங்கன்! எங்க கத்துக்கிட்டே இத?"

"பயந்துட்டேன், ஆர்லிஸ்."

"போப்பா, போ." அவள் நம்பவில்லை.

வீட்டுக்கடன் வட்டி ஐந்தரையில் மாற்றமில்லை என்று, எங்கள் கடனை மக்களுக்கு வழங்கும் வங்கிகளுக்கு மதியம் எழுதினேன். மூன்று மணிக்குள் அதே வட்டியில் கடன் கேட்டுப் பதினொரு புதிய குடும்பங்கள் பதிவாகிவிட்டன. அவர்களுக்கான பத்திரங்களை நாங்கள் இன்னும் யாருக்கும் விற்கவில்லை.