முன் பெஞ்சு

குளிர்காலத்துக்காக நாடெங்கும் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவைத்த மறுநாள் காலை. கில்டாரா ஊரில் மாதா கோயில் கடிகாரத்தை மட்டும் யாரும் திருப்பவில்லை. அதை நம்பியவர்கள் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அட்ராக்டாவும் வந்திருந்தாள். கடைசி வரிசை, கதவோரம்.

பீடத்தின் முன் சின்னச் சின்ன வெள்ளைச் சவப்பெட்டிகள். கன்னியர் மடத்துக் காப்பகத்தின் தோட்டத்தைத் தோண்டி அரசாங்கம் எலும்பாக எடுத்த பிள்ளைகள். பெயர் கிடையாது. அவற்றில் எது தன் மகன் என்று அட்ராக்டாவுக்குத் தெரியாது. கல்யாணமாகாமல் பிள்ளை உண்டானதால் இளவயதில் அவளை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள்; பிள்ளை அங்கேயே செத்தது. அதன்பின் இதே ஊரில் மீன் பொரித்து விற்றே கிழவியாகிவிட்டாள். பிறகு கட்டிய புருஷன்கூட விஷயம் தெரியாமலே போய்ச் சேர்ந்தான்.

"மந்திரியப் பாரு. சோகத்த இஸ்திரி போட்டு மாட்டிட்டு வந்திருக்கான்" என்றாள் பிரீஜ், பக்கத்துக் கடைக்காரி.

மந்திரி முன் பெஞ்சில் உட்கார்ந்தார். அவரருகே மடத்துச் சபையின் தலைமைச் சகோதரி.

"பேப்பர்ல அவரு மடத்தக் கை காட்டுறாரு. அந்தம்மா அரசாங்கத்தக் கை காட்டுது. இங்க வந்தா ஒரே பெஞ்சு."

"சும்மா இருடி. கோயிலு."

சவ அடக்கங்களை நடத்தும் டீஸி பெஞ்சுகளுக்கு இடையிலான நடுவழியில் நடந்து போனார். ஊரில் யார் செத்தாலும் அவர்தான். மந்திரியின் முன்னால் நின்றார்.

"ஐயா, பின்னாடி வாங்க."

"எங்க பேர் ஒட்டியிருக்கே?"

"ஒட்டியிருக்கலாம். இது செத்தவங்களோட சொந்தக்காரங்க உக்கார்ற பெஞ்சு."

"சொந்தக்காரங்கதான் யாரும் இல்லன்னு சொன்னாங்களே."

"அப்ப காலியாவே கெடக்கட்டும்."

மந்திரி எழுந்தார். சகோதரியும் எழுந்தார். டீஸி ஒட்டியிருந்த தாள்களைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெஞ்சு காலியாகக் கிடந்தது. கோயில் முழுக்க அதையே பார்த்தது.

போய் உட்கார்ந்தால் ஊருக்குத் தெரியும். உட்காராவிட்டால் அவன் யாருமற்றவனாகவே மண்ணுக்குள் போவான். அட்ராக்டா எழுந்தாள்.

"எங்கடி போற? கக்கூஸ் அந்தப் பக்கம்" என்றாள் பிரீஜ்.

அட்ராக்டா நடந்தாள். அவள் செருப்பின் சத்தம் மட்டும் கேட்டது. முன் பெஞ்சில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். முதுகில் ஊரே இருந்தது.

பின்னாலிருந்து இன்னொரு நடை கேட்டது. கால் இழுத்து நடக்கும் நடை. அது அவளுக்குத் தெரியும்.

"நகந்து உக்காரு" என்றாள் பிரீஜ்.

"துணைக்கெல்லாம் வரக்கூடாது. இது சொந்தக்காரங்க பெஞ்சு."

"தெரியும்டி."

அட்ராக்டா திரும்பிப் பார்த்தாள். பிரீஜ் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் கடை வைத்து, இத்தனை வருஷமும் ஒருத்திக்கு ஒருத்தி சொன்னதில்லை. அட்ராக்டா நகர்ந்து இடம் விட்டாள்.

பூசை முடிந்தது. செத்தவரின் சொந்தக்காரர்களுக்குக் கை கொடுத்துத் துக்கம் கேட்காமல் யாரும் வெளியேறுவது வழக்கமில்லை. இன்று யாருக்குக் கை கொடுப்பது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. வரிசை நடுவழியை நிறைத்து, கதவைத் தாண்டி, மழையில் பாலம் வரை நின்றது. தினமும் அவளிடம் மீன் வாங்கிய கைகள்தான். ஒவ்வொன்றாக வந்தன. "உங்க துக்கத்துக்கு வருந்துறேன்." அவள் "நன்றி" என்றாள். அவ்வளவுதான் சொல்வது. வரிசையை நிறுத்தி வைக்கக்கூடாது.

முன்பு மடத்துச் சுவரேறிக் குதித்து ஓடிய அவளைப் பிடித்து மறுபடி அங்கேயே விட்ட போலீஸ்காரரின் மகன் வந்தான். அவனும் கிழவன். அவள் கையைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றான். பெரிய மரம் ஒன்று தன் முன்னால் சாய்வதைப் போலிருந்தது அவளுக்கு.

அவனுக்குப் பின்னால் மந்திரி. அவரை ஒட்டி சகோதரி.

"உங்க துக்கத்துக்கு வருந்துறேன்மா" என்றார் மந்திரி.

அட்ராக்டா நன்றி சொல்லவில்லை. கையையும் விடவில்லை. சகோதரி நீட்டிய கையை இன்னொரு கையால் பிடித்தாள். வரிசை நின்றது. பாலம் வரை நின்றது.

"உங்க ரெண்டு பேர்ல யாரு குடுத்த துக்கம் இது?"