ஆமெனுக்குப் போக மீந்த சுரங்கள்

பூசையில் இனி லத்தீன் கூடாது, ஓர் அசைக்கு ஒரு சுரம்தான் பாட வேண்டும் என்று அரண்மனையிலிருந்து ஆணை வந்த வாரத்தில், மீந்துபோன சுரங்கள் நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிரீனிச்சில் அம்ப்ரோஸ் திர்க்கெல்லின் வீட்டுக்குக் குடிவந்தன. அரசரின் ஆலயத்துக்கு இருபத்திரண்டு வருடமாகப் பாட்டு அமைத்து வந்தவர் அவர். அவருடைய லத்தீன் ஈஸ்டர் பூசைப் பாட்டு அசைக்கொரு சுரமாகவே நடக்கும், கடைசியில் வரும் ஆமென் என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நாற்பத்தொரு சுரம். இனி அது இரண்டே சுரத்தில் முடிந்தாக வேண்டும். மீதி முப்பத்தொன்பதும் செவ்வாய்க்கிழமை காலை சமையலறை ஜன்னல் வழியாக வந்தன. மற்றப் பாட்டுகளின் மீதி வியாழனுக்குள் வந்து சேர்ந்தது. குட்டைச் சுரங்கள் மாவுத் தொட்டியின் விளிம்பில் தத்தித் திரிந்தன. நீளமானவை உத்தரத்தில் தொங்கியபடி தூங்கின.

மனைவி மார்ஜரி துடைப்பத்தால் விரட்டிப் பார்த்தாள். "ஏங்க, எல்லாம் நீங்க பண்ணி வெச்சதுதானே? நீங்களே சொல்லி அனுப்புங்க."

"எங்க போகச் சொல்றது? அதுங்க இருந்த இடத்தைத்தான் எடுத்துட்டாங்களே."

"அப்ப மாவையாவது மூடி வைங்க. நேத்து ரொட்டி கீச்சுனு கத்துச்சு."

அம்ப்ரோஸுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொரு சுரத்தையும் கடவுளுக்கென்றுதான் வைத்திருந்தார். கடவுளுக்கே அவை வேண்டாமென்றால், இத்தனை வருடம் யாருக்காகப் பாடினோம்? வேண்டுமென்றால், இப்போது யாருக்குப் பணிகிறோம்? ஆலயத் தலைவரிடம் போய்க் கேட்டார். அவர், "அரசர் சொல்றதைத்தான் கடவுளும் விரும்புறார்னு வெச்சுக்குவோம், திர்க்கெல். இந்த வருஷத்துக்கு" என்றார். பழைய வழிபாட்டுப் பொருளை வீட்டில் வைத்திருந்தால் வேலை போய்விடும், பொருளும் நெருப்புக்குப் போகும். அம்ப்ரோஸ் காலையில் முழந்தாளிட்டு ஜெபிக்கும்போது சுரங்கள் அவர் முதுகில் வந்து உட்கார்ந்தன. இளஞ்சூடாக இருந்தன. அதுவும் அவரைக் குழப்பியது.

தவக்காலத்தில் லாம்பர்ட் பிக்கரிங் என்ற அதிகாரி வீட்டைச் சோதனையிட வந்தார். நல்ல மழை. மார்ஜரி அவர் கையிலிருந்த ஆணையைப் பார்க்கவில்லை, நனைந்திருந்த கால்களைத்தான் பார்த்தாள். கணவனின் காய்ந்த காலுறையைக் கொடுத்து, கணப்பருகே உட்கார வைத்து, சூடான பார்லி மதுவை நீட்டினாள். அவர் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தார். இலையுதிர் காலத்தில் அவர் மனைவி காய்ச்சலில் இறந்திருந்தாள். இறந்தவர்களுக்காகப் பாடும் வழக்கத்தை அதற்குள் நிறுத்திவிட்டிருந்தார்கள். தாழ்ந்த நீளச் சுரம் ஒன்று மெல்ல இறங்கி அவர் முழங்காலில் அமர்ந்தது.

"இதுங்களை நான் பார்க்கலை" என்றார் பிக்கரிங். பிறகு, "ஒண்ணை எடுத்துட்டுப் போகலாமா?"

"எடுத்துக்குங்க ஐயா. துணியைப் போர்த்திக் கொண்டுபோங்க. நனைஞ்சா சுருதி இறங்கிடும்" என்றாள் மார்ஜரி.

கூரையில் குருவிக் கூடுகள் என்று அவர் குறிப்பெழுதிவிட்டுப் போனார். அதன்பின் ஒவ்வொருவராகக் கேட்டு வந்தார்கள். தூங்காத குழந்தைக்கு ஒன்று, கண் தெரியாத தச்சருக்கு மூன்று, கப்பலேறிப் போன மகனை நினைத்திருப்பவளுக்கு ஒன்று. கடவுளுக்கு வைத்ததை இப்படி அள்ளிக் கொடுக்கலாமா என்று அம்ப்ரோஸ் தயங்கியபோது, "அவர் கேட்டா பக்கத்துத் தெருவுலதான் இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் மார்ஜரி. இரண்டு வருடத்தில் வீடு காலியானது.

அப்போது அரசர் இறந்தார். அவருடைய சகோதரி பட்டத்துக்கு வந்தார். லத்தீன் திரும்பி வந்தது. ஆலயத் தலைவர் அம்ப்ரோஸை அழைத்தார். "ஈஸ்டருக்கு உங்க பழைய பாட்டு, முழுசா வேணும். ஒரு சுரம் குறைஞ்சாலும் உங்க இடத்துக்கு வேற ஆளைப் போடச் சொல்லியிருக்காங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அம்ப்ரோஸ் கூடையோடு கிளம்பினார். முதலில் படகோட்டியின் வீடு. அவன் மனைவி சிபில் உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவா, திர்க்கெல் அண்ணே. இப்பதான் கண்ணசந்தாங்க. தொட்டா ரெண்டும் முழிச்சுக்கும்."

"ரெண்டா?"

"புள்ளையும் உங்க சுரமும்."

அடுத்தது பிக்கரிங்கின் வீடு. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிர் இருக்கையில் அந்தச் சுரம் உட்கார்ந்திருந்தது, அதற்கு முன்னால் ஒரு தட்டு. அம்ப்ரோஸ் விலாங்கு மீன் விலையைப் பற்றி விசாரித்துவிட்டு வெளியே வந்தார். மூன்றாவது வீட்டுக்குப் போகவில்லை. தான் செய்வது பக்தியா, பாவமா, வெறும் கோழைத்தனமா என்று தெரியாமலே வெற்றுக் கூடையோடு வீடு திரும்பினார்.

ஈஸ்டர் பூசையில் பாடகர்கள் ஆமெனின் முதல் சுரத்தைப் பாடினார்கள். அடுத்த முப்பத்தொன்பதும் வரவில்லை. அம்ப்ரோஸின் கை தாளத்தை விடவில்லை. பாடகர்களும் வாயை மூடாமல், எண்ணியபடி நின்றார்கள். எழப்போன ஆலயத் தலைவர் மறுபடி உட்கார்ந்தார். எங்கோ ஒருவர் இருமி நிறுத்தினார். எண்ணிக்கை முடிந்ததும் கடைசிச் சுரம் தன் இடத்தில் வந்து ஒலித்தது.

"முழுசா இருந்துச்சா, திர்க்கெல்?" என்று பிறகு ஆலயத் தலைவர் கேட்டார்.

"தெரியலை, ஐயா."

"எனக்கும் தெரியலை. தாள அளவு சரியா இருந்துச்சு." அப்படியே எழுதி அனுப்பினார். அம்ப்ரோஸின் வேலை நிலைத்தது.

ஐந்து வருடம் கழித்து அந்த அரசியும் இறந்தார், ஆணை மறுபடி மாறியது, ஓர் அசைக்கு ஒரு சுரம் என்றானது. ஆமெனுக்கு நடுவிலிருந்த மௌனத்தைப் பற்றி எந்த ஆணையிலும் எதுவும் இல்லாததால் அதை யாரும் எடுக்கவில்லை. புதிதாகச் சேரும் பாடகர்களுக்கு முப்பத்தொன்பது வரை மனதுக்குள் எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். அரண்மனைச் சமையலறையில் ஈஸ்டர் அன்று ஆட்டிறைச்சியை அவ்வளவு நேரம் பிந்தியே நெருப்பிலிருந்து இறக்கினார்கள்.