முதல் கட்டத்தில் என் மாமியார்

எங்கள் ஆபீஸில் ஒரு விளையாட்டைப் பட்டியலிலிருந்து தூக்குவதற்கு இரண்டு கையெழுத்து போதும். படமும் தொடரும் காட்டுகிற கம்பெனி, அதே மாதச் சந்தாவில் வீடியோ கேமும் தருகிறது. எதைத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள், எதை ஒரே தடவையோடு விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. என்னைப்போல் இன்னும் மூன்று பேர் உண்டு.

செவ்வாய்க்கிழமை மேனேஜர் தன் திரையை என் பக்கம் திருப்பினார். கார் நிறுத்துகிற விளையாட்டு, மொத்தம் நாற்பது கட்டம்.

"இதைப் பாருங்க. ஒரு வீட்ல அறுநூத்திப் பதினோரு தடவை முதல் கட்டத்தையே ஆடியிருக்காங்க. அதைத் தாண்டவே தெரியல. தூக்கிடலாம்."

"தெரியாம இல்ல சார். ஜெயிச்சிட்டு வேணும்னே முதல்லேர்ந்து ஆடுறாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது எங்க மாமியார்."

விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கும் அத்தைக்கும் எட்டாம் பொருத்தம்தான். துணி காயப்போடுவதிலிருந்து கதவு சாத்துவது வரை சண்டை. ஆனால் இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி. முப்பத்தைந்து வருஷமாக மாமா ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர் அத்தை. ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டபோதெல்லாம், "உனக்கு எதுக்கு? அதான் நான் இருக்கேன்ல" என்று ஒரே பதில். அந்த முதல் கட்டத்தில் ஒரு குறுகலான சந்து, ஒரு கேட், உள்ளே ஒரு ஷெட். காரை ரிவர்ஸிலேயே எடுத்துப்போய் நிறுத்த வேண்டும். அச்சு அசல் எங்கள் வாசல்.

"அடுத்த கட்டத்துக்குப் போங்க அத்தை" என்று ஒருநாள் சொன்னேன்.

"ஊர்ல இருக்குற கேட்டெல்லாம் எனக்கு எதுக்கு? நம்ம கேட்டுல நுழையத் தெரிஞ்சா போதும்" என்றார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. பத்துக்குப் பத்து மதிப்பெண் எழுதி, "இதைவிடத் திரும்ப ஆடத் தகுந்த விளையாட்டு நம்மிடம் இல்லை" என்று ஒரு வரியும் சேர்த்தேன். மேனேஜர் அதை ஓரமாக வைத்துவிட்டு, பக்கத்து மேஜைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அறுநூத்திப் பதினொண்ணா? வேலை வெட்டி இல்லாம அதையும் எண்ணியிருக்கானா?" என்றார்.

சனிக்கிழமை காலை அத்தை டிவியைப் போட்டார். 'இந்த விளையாட்டு இனி கிடைக்காது' என்று வந்தது.

"நல்லதாப் போச்சு. இனிமே டிவி என் கைக்கு வரும்" என்றார் மாமா.

அத்தை கன்ட்ரோலரைச் சோபாவில் போட்டார். ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வண்டிய சந்துக்கு எடுத்துட்டு வா. அப்புறம் நீ பக்கத்து சீட்டுக்குப் போயிடு."

"பொம்மைக் கார் ஓட்டினா நிஜக் கார் வந்துடுமா?" என்று மாமா பின்னாலேயே ஓடி வந்தார்.

"வராதுன்னா ஓரமா நின்னு பாருங்க."

எங்களுடையது முட்டுச்சந்து, ஆள் நடமாட்டமில்லை. காரை வெளியே எடுத்து நிறுத்தி இடம் மாறினேன். ஹேண்ட் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அத்தை ரிவர்ஸ் போட்டார். பாதி கார் ஒழுங்காக உள்ளே போனது. அப்புறம் கேட்டுத் தூண் முன்கதவில் நீளமாக ஒரு கோடு போட்டது.

"நான் அப்பவே சொன்னேன்! முதல்ல இறங்கு!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தை இறங்கவில்லை. கியரை மாற்றி, காரை மெதுவாக மறுபடியும் சந்துக்கே கொண்டுவந்தார். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"இது முதல் தடவைதாங்க. இன்னும் அறுநூத்திப் பத்து இருக்கு."