கேள்விக்குறி ஒழிந்த பட்டை

ஆஸ்பத்திரியில் நோயாளி மணிக்கட்டில் கட்டும் பட்டைக்கு, மருந்துக் குறிப்பு என்று இரண்டு வரி கேட்டான் கண்ணாடி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட புரோகிராமர் என்பதால் ஆபீசில் அவனுக்கு அதுதான் பெயர்.

"ஒரு வரி போதும்பா. கையில புராணமா எழுதப் போறோம்?" என்று முதலாளி பேரத்தை முடித்துவிட்டார். கொடுக்க வேண்டிய மருந்தும் கொடுக்கவே கூடாத மருந்தும் அந்த ஒற்றை வரியில் ஒண்டுக்குடித்தனம் நடத்தின.

சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய பழைய புரோகிராம் அந்த வரிக்கு ஒதுக்கியது முப்பத்திரண்டு பைட். ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒன்று, தாராளம். தமிழில் வெறும் 'ப'வுக்கே மூன்று, கொம்போ புள்ளியோ சேர்ந்தால் ஆறு. இடம் தீர்ந்தால் எழுத்தை நடுவிலேயே அறுத்துவிடும். பட்டையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கேள்விக்குறி முளைக்கும்.

"என்ன சார் இது, திருஷ்டிப் பொட்டா?" என்று நர்சுகள் ஓயாமல் போன் போட்டார்கள்.

"அசிங்கமா இருக்கு, எடுத்துடு" என்றார் முதலாளி.

எம்.பி.லென் என்ற கட்டளையால் ஒவ்வோர் எழுத்தையும் அளந்து, முழுசாக நுழையாததை உதிர்த்துவிட்டான் கண்ணாடி. கேள்விக்குறி ஒழிந்தது. போனும் ஓய்ந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இன்று மத்தியானம் மனைவி கூப்பிட்டாள். "என் தம்பிக்குக் கால் புண்ணு சீழ் வெச்சிடுச்சுங்க. உங்க பட்டை போடுற ஆஸ்பத்திரியிலதான் சேர்த்திருக்கேன். பயப்படாதீங்க, 'பென்சிலின் கூடாது'ன்னு பக்கத்துல நின்னு டைப் பண்ண வெச்சேன்."

போன தடவை அந்த ஊசியில்தான் மச்சானுக்குத் தொண்டை அடைத்து உதடு நீலம் பாரித்தது.

"கெட்டிக்காரிதான்" என்றவன், கை சும்மா இராமல் அந்த இரண்டு சொல்லையும் தன் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தான். பென்சிலின், முப்பது. இடைவெளி, ஒன்று. 'கூ'வுக்கு மிஞ்சியது ஒரே ஒரு பைட்.

மனைவியின் போனை வைத்துவிட்டு, வார்டு போன் நம்பரைத் தேடி அடித்தான்.

"சிஸ்டர், கால் புண்ணோட வந்த பையன் பட்டையில என்ன போட்டிருக்கு?"

"பென்சிலின்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல சார். இப்பெல்லாம் பட்டை ரொம்ப சுத்தமா வருது. டாக்டர்கூட அதைப் பார்த்துட்டுதான் ஊசி எடுத்துட்டுப் போனார்."

"நிறுத்துங்க! கூடாதும்மா, அது கூடாது!"

மறுமுனையில் ரிசீவர் மேஜையில் விழுந்தது. செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது. அதன்பின் அவன் காதில் விழுந்ததெல்லாம், யாரும் நிறுத்தாமல் விட்ட பிரிண்டர் அடுத்த பட்டையை அடிக்கும் சத்தம்தான்.