ஒரு காது பட்டறையில்

என் வீட்டுக்காரர் விரலை வெட்டிக்கொண்ட பிறகு எங்கள் வீட்டில் நடந்த விபத்தெல்லாம் எனக்குத்தான் நடந்தது. தையல் மெஷினின் ஊசி என் ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கியது. இஸ்திரிப் பெட்டியை அவர் சட்டை மேலேயே விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய் நின்றதில், சட்டையின் முதுகு கருகிப்போனது. ஒரு நாள் டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டேன். "வாய் கொப்புளிக்க நல்லா இருக்கு" என்று அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. தம்பிக்குக் கை சரியாகும்வரை ஒத்தாசைக்கு என்று வந்தவர். கையை விட வாய்தான் அதிகம் ஒத்தாசை செய்யும்.

வெட்டுப்பட்டது முழு விரல் இல்லை. இடது கை மோதிர விரலில் மேல் கணு. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில், வட்ட ரம்பத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்தவர், பலகை பாதி உள்ளே போயிருக்கும்போது தலையைத் திருப்பியிருக்கிறார். அவ்வளவுதான். எதையும் மூன்று தடவை அளக்காமல் அறுக்காத மனுஷன் என்பதால் தெருவில் அவருக்கு இஞ்ச் டேப் என்று பெயர். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "டேப்புல ஒரு இஞ்ச் கொறைஞ்சு போச்சு சிஸ்டர்" என்று நர்ஸிடம் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் பட்டறையைப் பூட்டிச் சாவியை அலமாரிக்குள் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

ஏன் திரும்பினீர்கள் என்று எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "தெரியல" என்பார். இன்னும் துருவினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

காயம் ஆறி, தையல் பிரித்து, மரத்துப்போயிருந்த இடத்தில் உணர்ச்சியும் வந்தாயிற்று. இன்று காலை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது சொன்னார். "இன்னிக்கு ஒரே ஒரு பலகை அறுத்துப் பாக்கறேன். முடியலைன்னா மெஷினை யாருக்காவது குடுத்துடறேன். அதுக்கப்புறம் யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

அவர் அந்த ரம்பத்தின் பக்கம் போகக் கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை. ஆனால் பட்டறைக்குப் போகாமல் வீட்டிலேயே கிடக்கும் அவரைப் பார்க்கவும் சகிக்கவில்லை. சமையலறை டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்கினார். டிவிக்கும் சுவருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இல்லை என்று அண்ணியோடு சண்டை போட்டார். ராத்திரி தூக்கத்தில் அவர் கை போர்வையைத் தள்ளிக்கொண்டே இருக்கும், பலகையைத் தள்ளுகிற மாதிரி. இன்றைக்கு முடியவில்லை என்றால் அவர் இனி இப்படித்தான். முடிந்தால் இன்னொரு விரல் போகலாம். இரண்டில் எதற்கு வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

பயறைக் கழுவி அடுப்பில் வைத்தேன். சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே பட்டறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கு ஒரு காது அங்கேதான். ரம்பம் சும்மா ஓடும்போது ஒரு சத்தம், மரத்துக்குள் ஏறும்போது இறுக்கமாக ஒரு சத்தம், அறுத்து முடித்ததும் பழையபடி தளர்ந்த சத்தம். அந்தத் தளர்ந்த சத்தம் வரும்வரை எனக்கு மூச்சு முழுசாக வராது. கையில் கத்தி இருந்தாலும் சரி, அடுப்பில் எண்ணெய் காய்ந்தாலும் சரி.

அவர் மேஜையைத் துடைத்தார். பலகையில் பென்சிலால் கோடு போட்டார், அளந்தார், மறுபடி அளந்தார், மூன்றாவது தடவையும் அளந்தார். சுவிட்சைப் போட்டார். ரம்பம் ஓட ஆரம்பித்தது. பலகையைத் தொடாமல் அப்படியே நின்றார். உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். நின்றார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், விட்டேன், மறுபடி பிடித்தேன். "அவன் ஆரம்பிக்கறதுக்குள்ள நீ கம்பியைப் பேத்துடுவே போல" என்றார் அண்ணி முன்னறையிலிருந்து.

கடைசியில் பலகையை வைத்து, தள்ளுகட்டையைக் கையில் எடுத்தார். சத்தம் இறுகியது. பலகை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. கால்வாசி. பாதி.

அப்போது அவர் தலை உயர்ந்தது. மூக்கு சுருங்கியது. முகம் மெல்ல ஜன்னல் பக்கம் திரும்பியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் எதையோ பார்த்தார். கை மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தது. கத்தினால் இன்னும் திரும்புவார் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். பலகை கோணிக்கொண்டது. ஒரு விநாடி திணறிவிட்டு, பின்னால் எகிறி அவர் தொடையில் அடித்தது. அவர் மரத்தூளில் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. சுவிட்சை அணைத்தேன். ரம்பம் உடனே நிற்காது, சுற்றிச் சுற்றித்தான் அடங்கும். அது அடங்கும்வரை அவர் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருக்க வேண்டியது எல்லாம் இருந்தது.

"போ, உள்ள போ! அடுப்பு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் அசையவில்லை. அண்ணிதான் வந்தார், பிடிதுணியில் ஒரு கரிப் பாத்திரத்தோடு. "பயறு போய்ச் சேந்துடுச்சு. ரெண்டடி தள்ளித்தானே நின்னே? வீடே பொகையுது. உனக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் கோபம் வந்தது. "எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகுது! பலகை உள்ள இருக்கும்போது எதுக்குங்க திரும்பறீங்க?"

"எப்படித் திரும்பாம இருக்கறது? நீ உள்ள இருக்கே." தொடையைத் தேய்த்துக்கொண்டே தரையைப் பார்த்தார். "அன்னிக்கும் இதே கருகல் வாசனைதான்."

அன்றைக்கு வெங்காயம் அடுப்பில் இருந்தது. அவர் அலறியதைக் கேட்டு ஓடியதில் கருகிவிட்டது என்றே இதுவரை நினைத்திருந்தேன். ஆனால் அலறல் வருவதற்கு முன்பே நான் கரண்டியும் கையுமாக ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். மரத்தில் முடிச்சு இருக்கும்போல, சத்தம் வழக்கத்தை விட அதிகமாக இறுகுகிறதே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள்ளேயே வெங்காயம் கருக ஆரம்பித்திருக்கிறது. இதைச் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் "தெரியல, தெரியல" என்றிருக்கிறார்.

"நல்ல ஜோடிடா சாமி" என்றார் அண்ணி. "அவ உன் கையைப் பாக்கறா. நீ அவ அடுப்பைப் பாக்கறே. அவங்கவங்க கையை யாரு பாக்கறது, நானா?"

என் வீட்டுக்காரர் எழுந்து, பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "போதும். என்னால முடியல. குடுத்துடறேன்."

சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவர் மேஜை மேலிருந்த தூளை உள்ளங்கையால் வழித்துக்கொண்டிருந்தார், வழித்த இடத்தையே மறுபடி மறுபடி. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அடுப்பை அணைச்சாச்சு" என்றேன். "நானும் அண்ணியும் வெளியே போறோம். இந்தச் சத்தம் கேக்காத தூரத்துக்கு. நீங்க அறுத்து முடிங்க."

"எங்கே போறே?"

"சொல்ல மாட்டேன். சொன்னா அதையும் நெனைச்சுக்கிட்டு நிப்பீங்க."

தெருமுனையில் இன்னும் ரம்பத்தின் சத்தம் கேட்கும். அதனால் பெரிய சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் இருக்கும் பஸ் ஸ்டாப்புக்குப் போனோம். தாண்டும்போது ஒரு ஸ்கூட்டர் என் புடவையை உரசிக்கொண்டு நின்றது. "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாம்மா?" என்று கத்திவிட்டுப் போனான் ஸ்கூட்டர்காரன். அண்ணி என் கையைப் பிடித்தார். அதற்குப் பிறகு விடவே இல்லை.

அங்கே உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. எந்த பஸ் பிரேக் போட்டாலும் பலகை எகிறுகிற மாதிரி இருந்தது. இந்நேரம் ஆரம்பித்திருப்பாரா? பாதி போயிருக்குமா? ஏதாவது ஆனால் யார் சுவிட்சை அணைப்பார்கள்? வந்த இடத்தில், பட்டறையிலிருந்து என் காதுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. இப்படி ஒரு அவஸ்தையை நான் பட்டதே இல்லை. "போலாமா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இன்னும் கொஞ்சம்" என்றார் அண்ணி. அவர் குரலும் சரியாக இல்லை.

திரும்பி வந்தபோது தெரு அமைதியாக இருந்தது. அந்த அமைதி நல்லதா கெட்டதா என்று தெரியாமல், வாசலிலேயே நின்றுவிட்டேன். அண்ணிதான் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

அவர் பட்டறையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பலகை இரண்டாகக் கிடந்தது, கோடு பிசகாமல்.

"ரொம்ப பயமா இருந்துச்சு" என்றார். "ஏதாவது ஆனா ஓடி வர ஆளே இல்லைன்னு தெரிஞ்சதும், ரம்பத்தோட பல்லைத் தவிர வேற எதுவும் கண்ணுக்குத் தெரியல. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் பயந்து அறுத்திருக்கேன்."

அப்படியானால் இத்தனை வருஷமும் அவருக்கும் சேர்த்து நான் ஒருத்தியே பயந்திருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

"நாளைக்கு என்ன வேலை?" என்று கேட்டேன்.

"ஒரு கதவு. பத்துப் பன்னெண்டு பலகை இருக்கும்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ மறுபடி போகணும்."

நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். "நாளைக்குக் காலைல எனக்கு ஊருக்கு பஸ்ஸும்மா" என்றார்.

"அப்ப உங்களை ஏத்திவிட நானும் வரேன்" என்றேன். "பஸ் போனப்புறமும் அங்கேயே நிக்கறேன்."