இருபத்தைந்து மைல் சவாரி

நெவாடா மலைப்பாதையில் இருபத்தைந்து மைல் குதிரைச் சவாரிப் போட்டியை முடித்து லொரெட்டா இறங்கினாள். அரைமணிக்குள் குதிரையின் நாடித்துடிப்பு அறுபதுக்குத் தணிந்தால்தான் சவாரி கணக்கில் சேரும். அது அறுபத்தெட்டைவிட்டு இறங்கவில்லை.

ஐம்பது மைலுக்குக் குறைவாகச் சவாரி செய்யாத அவள் கணவன் மெர்ல், குதிரையின் காதருகே நின்று பேசிக்கொண்டே இருந்தான்.

“இதெல்லாம் நெடுந்தூரச் சவாரியா? பால் வாங்கிட்டு வர்ற தூரம்.”

“மெர்ல், நீ போய் காபி குடி.”

அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான். குதிரை பெருமூச்சு விட்டது. கால்நடை மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார்.

“அம்பத்தாறு. பாஸ்.”

“அப்ப இது நெடுந்தூரச் சவாரிதானே, டாக்டர்?”

“தூரம் கிடக்கட்டும்மா. தாக்குப்பிடிச்சுதா, அதுதான் கேள்வி. ஆமா, உங்க வீட்டுக்காரரோட எத்தனை வருஷமா இருக்கீங்க?”

“இருபத்தஞ்சு.”

மருத்துவர் தொப்பியைக் கழற்றினார்.